மூன்றாம் தொட்டியின் ஒயின்

எவாசியோ பம்ப்பை இழுத்துக்கொண்டு ஐந்தாவது பீப்பாயைத் தாண்டிப் போனான். அதன் இரும்புச் சக்கரங்கள் நிலவறையின் கல் தரையில் கடகடவென்று உருண்டு ஆறாவது பீப்பாயின் முன்னால் நின்றன. ரப்பர் குழாயைத் தோளில் சுமந்தபடி பின்னால் வந்த நீவெஸ் ஐந்தாவதின் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

“இதை?” என்றாள்.

“அது கிடக்கட்டும்.”

“போன மாசமும் இப்படித்தான் சொன்னே.”

அவன் குழாய்க்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினான். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவது அவனுக்கு இந்தக் குளிர்காலத்தில் வந்த பழக்கம். சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக்காக, காலையில் காபிக் கோப்பைக்காக, வண்டிச் சாவிக்காக, எல்லாவற்றுக்கும் அந்தக் கை மட்டும் வந்து காத்திருக்கும். நீவெஸ் குழாயைக் கொடுத்தாள். இருபத்து மூன்று வருடம் கூட வாழ்ந்த மனிதன், முகத்தை எங்கோ அடகு வைத்துவிட்டு வந்தவன்போல் ஆகிவிட்டான்.

மொன்பெர்ராட்டோ குன்றுகளில் அவர்கள் வீட்டு ஒயினுக்குப் பெரிய பேர் கிடையாது. தேடி வந்து வாங்குகிறவர்கள் உண்டு, அவ்வளவுதான். பழத்தோடு எதையும் சேர்ப்பதில்லை என்பது ஒன்றுதான் அவர்கள் வீட்டுப் பெருமை. கடையில் விற்கிற ஈஸ்ட் வேண்டாம், பழத்தோலில் இருப்பதே போதும். தொட்டியில் பார்பேரா திராட்சை நொதித்துப் பொங்கும்போது மேலே ஏறி வரும் தோலையும் சக்கையையும் காலையும் மாலையும் நீண்ட மரத்தண்டால் அமுக்கிவிடுவார்கள். பொங்கி அடங்கியதும் ஒயினை வடித்துப் பெரிய ஓக் பீப்பாய்களில் விட்டு நிலவறையில் மூடிவைப்பார்கள். குளிர்காலம் முழுக்க அது அசையாமல் கிடக்கும். வண்டல் அடியில் இறங்கும். வசந்தம் வருவதற்கு முன்னால், நிலவு தேய்கிற நாட்களில், வானம் தெளிந்த ஒரு நாள் பார்த்து, வண்டலை விட்டுத் தெளிந்த ஒயினை மட்டும் இறுத்து எடுத்து, பீப்பாயைக் கழுவித் திரும்ப ஊற்றுவார்கள். இப்படி இறுத்து எடுக்காமல் விட்டால் அடியில் கிடக்கிற வண்டல் கெட்டுப்போகும். அதோடு சேர்ந்து மேலே இருக்கிற ஒயினும் கெடும். இது அந்த மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எவாசியோவுக்குத் தெரியாதா?

ஐந்தாவது பீப்பாயில் இருந்தது மூன்றாம் தொட்டியின் ஒயின். அது அவன் தம்பி ரென்ஸோவின் ஒயின்.

அப்படித்தான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், போன செப்டம்பரிலேயே. குன்றின் உச்சியில் இருக்கும் பழைய கொடிகளின் பழத்தை மற்றதோடு கலக்கக்கூடாது, தனித் தொட்டியில் போட வேண்டும், வழக்கத்தைவிட அதிக நாள் தோலோடு விட வேண்டும் என்று ரென்ஸோ பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருடமும் அண்ணன் சிரித்துத் தள்ளிவிடுவான். “ஒயின் போடணுமா, கஷாயம் போடணுமா, முதல்ல அதை முடிவு பண்ணு” என்பான். போன வருடம் மட்டும் ஏனோ சரி என்றுவிட்டான். அன்று ரென்ஸோ சமையலறைக்குள் வந்து நீவெஸ்ஸின் தலையில் இருந்த துணியை உருவி எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டு ஆடினான். நாற்பது வயதை நெருங்கிய ஆள். ஒல்லி உடம்பு, பெரிய காது. “அண்ணி, என் கஷாயத்துக்கு நீதான் பேர் வைக்கணும்” என்றான். அவள் அவனைக் கரண்டியால் விரட்டினாள்.

பிறகு அக்டோபர் கடைசி வாரத்தில் அந்தக் காலை வந்தது. மூன்றாம் தொட்டியிலிருந்து ஒயினை வடித்தாகிவிட்டது. உள்ளே சக்கை மட்டும் மிச்சம். அதை வாங்கிச் சாராயம் காய்ச்சுகிற ஆலையின் லாரி மலையடிவாரம் வரைக்கும் வந்துவிட்டதாகப் போன் வந்தது. எவாசியோ முற்றத்தில் இருந்து, “சீக்கிரம்டா, வண்டி வந்துட்டிருக்கு” என்று குரல் கொடுத்தான். இறங்குவதற்கு முன்னால் தொட்டிக்குள் நல்ல காற்றைச் செலுத்துகிற காற்றாடி ஒன்றுதான் இருந்தது. அதை எவாசியோ காலையில் இரண்டாம் தொட்டிக்கு எடுத்துப் போயிருந்தான். ரென்ஸோ மேலே ஏறி, மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, மண்வெட்டியோடு உள்ளே இறங்கினான். ஒயின் போன பிறகும் சக்கையிலிருந்து கிளம்புகிற கெட்ட காற்று தொட்டிக்குள் தேங்கி நிற்கும். அதற்கு நிறம் கிடையாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவான்.

முதலில் கவனித்தது எவாசியோதான். மண்வெட்டிச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு மேலே ஏறிப் பார்த்தான். நீவெஸ் பின்னாலேயே ஏறினாள். அவன் தொட்டியின் வாய்க்குள் ஒரு காலை விட்டிருந்தபோது அவள் போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். தன் இரண்டு கையையும் அவன் வயிற்றின் முன்னால் கோத்துக்கொண்டு, காலை இரும்புக் கம்பியில் முட்டுக் கொடுத்து நின்றாள். “விடு, விடு” என்று அவன் கத்தினான். பக்கத்துத் தோட்டத்து துல்லியோ சத்தம் கேட்டு ஓடி வந்தபோது பார்த்தது இதைத்தான்: கத்துகிற எவாசியோ, விடாத நீவெஸ். தீயணைப்பு வண்டி வருகிறவரைக்கும் அவள் விடவில்லை. அவர்கள் முகமூடி போட்டு இறங்கி ரென்ஸோவைத் தூக்கி வந்தார்கள். எவாசியோவும் இறங்கியிருந்தால் இரண்டு பேரைத் தூக்கியிருப்போம் என்று அவர்களில் ஒருவன் சொன்னான். அந்த வார்த்தை அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அதிலிருந்து ஊரில் நீவெஸ்ஸுக்குத் தனி மரியாதை. துல்லியோ காபிக் கடையில் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவளும் எவாசியோவும் கடைக்குள் நுழைந்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவர்களைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டு, “வா எவாசியோ. உன் பெண்டாட்டி கையா அது, இரும்புக் குறடா? வீட்டுல சண்டைன்னு வந்தா எதுக்கும் நீ தள்ளியே நில்லு” என்றான். பாசத்தில் சொன்னதுதான். அங்கே இருந்தவர்கள் மெதுவாகச் சிரித்தார்கள். எவாசியோ கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் மேஜை மேல் வைத்தான். காபியைக் குடிக்காமலே வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை.

தம்பியைக் காப்பாற்ற விடாத மனைவி மீது கோபம் என்று ஊர் நினைத்தது. நீவெஸ்ஸும் ஊர் அப்படி நினைக்கட்டும் என்றே இருந்தாள்.

ஆனால் அவளுடைய கைகளுக்கு வேறொன்று தெரியும். அவன் முதலில் ஒரு தடவை இழுத்தான். அந்த ஒரே இழுப்பில் அவள் கோத்த விரல்கள் பிரியப் பார்த்தன. முட்டுக் கொடுத்த கால் வழுக்கியது. இன்னொரு தடவை இழுத்தால் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த இன்னொரு தடவை வரவில்லை. அவன் வாய் கத்திக்கொண்டே இருந்தது. உடம்போ அவள் கைக்குள் அப்படியே நின்றது. மூட்டை தூக்கிப் பழகிய முதுகு, அவளைவிட இரண்டு மடங்கு எடை. அந்த முதுகு அவள் நெஞ்சில் சாய்ந்து நடுங்கியது. கீழே சக்கையின் மேல் ரென்ஸோ ஒரு பக்கமாகக் கிடந்தான். அவனுடைய பெரிய காது ஒன்று தெரிந்தது. எவாசியோ அதைப் பார்த்துக்கொண்டே “விடு, விடு” என்று கத்தினான். அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் தானாகவே அவள் பிடிக்குள் நின்றுவிட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது இதுதான். இதைப் பேச அவர்களிடம் ஒரு சொல்கூட இல்லை. அவள் அவனைக் குறையாக நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று சொல்வதற்குக்கூட முதலில் அதை வாயால் சொல்லியாக வேண்டுமே.

ஆறாவது பீப்பாய் முடிந்ததும் எவாசியோ கொடிகளைக் கட்டத் தெற்குச் சரிவுக்குப் போய்விட்டான். அவன் போனது உறுதியான பிறகு நீவெஸ் ஐந்தாவதின் முகத்தில் இருந்த சின்னக் குழாயைத் திருகி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகின முட்டை நாற்றம். ஆனால் வேகமாகச் சுழற்றி, கொஞ்ச நேரம் காற்றுப் படவைத்து மறுபடி முகர்ந்தபோது அந்த நாற்றத்துக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. கறுப்புச் செர்ரி, ஈரமண், கசப்பான ஒரு வேர். இன்னும் கெட்டுப்போகவில்லை. இன்னும் இரண்டு வாரம் விட்டால் கெட்டுப்போகும். அவன் அதைக் கெட்டுப்போகத்தான் விட்டிருக்கிறான். கொட்டிவிடவும் மனசு வராது, எடுத்து வைக்கவும் மனசு வராது. அதுவாகவே செத்துப்போனால் யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். மேலே சமையலறைக்குப் போய், கோழிக்குழம்பு அடுப்பில் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு லோரெதானாவுக்குப் போன் செய்தாள்.

லோரெதானா ரென்ஸோவின் மனைவி. கீழே டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சாவுக்குப் பிறகு அவள் மலைக்கு வரவே இல்லை. கல்லறைத் தோட்டம் டவுன் பக்கம் இருந்ததால் வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போனில் பேசினால் இருவரும் இருமலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள்.

“லோரே, புதன்கிழமை மத்தியானம் உங்க கடை அடைப்புதானே?”

“ஆமா. ஏன்?”

“ரென்ஸோவோட ஒயினை இறுத்து எடுக்கணும். ஒரு ஆளால முடியாது.”

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. லோரெதானா அவர்களுக்குப் பதில் சொன்னாள், சில்லறை கொடுத்தாள். பிறகுதான் போனில், “எவாசியோ?” என்றாள்.

“அவன் தொட மாட்டான்.”

“அப்போ நான் வர்றது அவருக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“பழைய செருப்பு ஒண்ணு எடுத்து வை” என்றாள் லோரெதானா.

புதன்கிழமை அவள் வெள்ளை மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தாள். முடியை வெட்டியிருந்தாள், கழுத்து புதிதாகத் தெரிந்தது. நிலவறைப் படிகளில் இறங்கும்போது மூன்றாம் தொட்டி இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அவளது விறைத்த கழுத்தில் தெரிந்தது. நீவெஸ் அவளுக்கு ஒரு ரப்பர் ஏப்ரனைக் கட்டிவிட்டாள்.

வேலை கஷ்டமானது இல்லை, நிதானம் வேண்டும். பீப்பாயின் குழாயைத் திறந்தால் ஒயின் கீழே வைத்திருக்கும் அகலமான மரத்தொட்டியில் விழும். காற்றோடு கலந்து நுரைத்து விழ வேண்டும். அப்போதுதான் நாற்றம் போகும். அங்கிருந்து பம்ப் அதை எஃகுத் தொட்டிக்கு ஏற்றும். நீவெஸ் குழாயைப் பிடித்துக்கொண்டாள். மரத்தொட்டி நிரம்பும்போது பம்ப்பைப் போடுவதும் தாழும்போது நிறுத்துவதும் லோரெதானாவின் வேலை.

குழாய் திறந்ததும் நாற்றம் நிலவறை முழுக்கப் பரவியது. லோரெதானா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இப்படியா இருக்கும்?”

“கொஞ்சம் பொறு. காத்துப் பட்டாப் போயிடும்.”

“அவரு இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா? இது நாத்தம் இல்ல, குணம்பாரு.”

நீவெஸ் சிரித்துவிட்டாள். லோரெதானாவும் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். கடையில் சிரிக்கக்கூடாத நேரத்தில் சிரித்துவிட்டவள்போல ஏப்ரனை இழுத்துச் சரிசெய்தாள்.

பாதிப் பீப்பாய் இறங்கியபோது நாற்றம் போய்விட்டிருந்தது. நீவெஸ் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து அவளிடம் நீட்டினாள். லோரெதானா அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். குவளைக்குப் பின்னால் பிடித்திருந்த விரல் தெரியாத அளவுக்கு அடர்த்தி. அவள் ஒரு வாய் குடித்தாள். உடனே விழுங்காமல் வைத்திருந்தாள்.

“கசக்குது” என்றாள்.

“ரொம்ப நாள் தோலோட விட்டான் இல்லையா. ரெண்டு மூணு வருஷம் கிடக்கணும். அதுக்கப்புறம்தான் இது என்னன்னு தெரியும்.”

“ரெண்டு மூணு வருஷம்” என்று லோரெதானா திருப்பிச் சொன்னாள். குவளையைக் கீழே வைக்கவில்லை. பம்ப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒண்ணு கேக்கணும் நீவெஸ். போன்ல கேக்க முடியல.”

“கேளு.”

“துல்லியோ எங்க கடைக்கு வந்தான், அவங்க அம்மாவோட மாத்திரை வாங்க. கேக்காமலே எல்லாத்தையும் சொன்னான். எவாசியோ விடு விடுன்னு கத்தினாராம். நீ விடலையாம். உண்மையா?”

“உண்மைதான்.”

“அவரு இறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரியும். நான் மருந்துக் கடையில வேலை பாக்கறவ, அந்தக் காத்து என்ன பண்ணும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பாதிரியார்கிட்டயும் உன் மேல கோபம் இல்லன்னுதான் சொன்னேன்.” அவள் ஒரு வாய் குடித்தாள். “பொய் சொன்னேன். ராத்திரி படுத்தா உன் கைதான் ஞாபகம் வருது. என் புருஷன் கீழே கிடக்கான். அவன் கூடப் பிறந்தவன் இறங்கப் போறான். நீ பிடிச்சுக்கிறே. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நீ விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு...”

ஒயின் மரத்தொட்டியின் விளிம்பைத் தொட்டது. அவள் பம்ப்பைப் போடவில்லை. நீவெஸ் குழாயை மூட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவன் ஒரு தடவைக்கு மேல் இழுக்கவே இல்லை லோரே, என் கை அவனை நிறுத்தவில்லை, அவனாகத்தான் நின்றான் என்று. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் தன் கைமேல் லோரெதானாவுக்கு இருக்கிற கோபம் இறங்கிவிடும். இறங்கினால் அது வேறு எங்கே போய் உட்காரும் என்பதும் தெரியும். தெற்குச் சரிவில் குனிந்து கொடி கட்டிக்கொண்டிருக்கும் முதுகு நீவெஸ்ஸின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது தன் நெஞ்சில் சாய்ந்து நடுங்கியது வந்தது.

“நான்தான் பிடிச்சேன்” என்றாள். “அவன் எவ்வளவோ இழுத்தான். நான் விடல. என்மேல கோபப்படு லோரே. அதுதான் நியாயம்.”

லோரெதானா பம்ப்பின் பொத்தானை அழுத்தினாள். பம்ப் இரைந்து, பிறகு சீராக ஓடியது. அந்தச் சத்தத்தில் படியில் பூட்ஸ் இறங்கியது இருவருக்கும் கேட்கவில்லை. நீவெஸ் மறுபடி குழாயைத் திறக்கத் திரும்பியபோதுதான் பார்த்தாள். எவாசியோ கடைசிப் படிக்கு மேல் படியில் நின்றான். கையில் கொடி கட்டும் நார் மிச்சம் இரண்டு மூன்று இழை. நார் தீர்ந்து எடுக்க வந்திருக்கிறான். எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டான் என்பது மட்டும் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

“லோரே” என்றான் எவாசியோ. இந்த நிலவறையில் அவன் குரல் கேட்டே பல மாதம் ஆனதுபோல் இருந்தது. “அவ கையைப் பாரு.”

லோரெதானா நீவெஸ்ஸின் கையைப் பார்த்தாள். குழாயின் திருகைப் பிடித்திருந்த கை. சின்னக் கை; மணிக்கட்டு இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

“அது என்னை நிறுத்துமா?” என்றான் அவன்.

நீவெஸ் “எவாசியோ” என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். மருத்துவர் கிறுக்கிய சீட்டைக் கண்ணருகே வைத்து, என்ன மருந்து என்று புரிகிறவரைக்கும் வாசிப்பவளைப்போல நிதானமாக அவன் முகத்தை வாசித்தாள். அவள் கண்ணில் அது புரிந்த கணம் நீவெஸ்ஸுக்குத் தெரிந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. மரத்தொட்டி வற்றி, பம்ப் காற்றை இழுத்துக் கரகரத்தது. லோரெதானா குனிந்து அதை நிறுத்தினாள்.

“மிச்சத்தை முடிச்சிடலாம்” என்றாள். “பாதியில விட்டா கெட்டுப்போயிடும்தானே?”

“ஆமா” என்றாள் நீவெஸ்.

எவாசியோ நாரைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து எஃகுத் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டான். மீதிப் பாதியும் இறங்கியது. கடைசியில் ஒயின் கலங்கத் தொடங்கியதும் அவன் கையைக் காட்டினான், நீவெஸ் குழாயை மூடினாள். லோரெதானா ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டி, தண்ணீர்க் குழாயில் கை கழுவினாள். குவளையில் மிச்சமிருந்ததைக் கொட்டவில்லை. குடித்து முடித்துக் குவளையையும் கழுவி வைத்தாள். போகும்போது எவாசியோவின் முன்னால் நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்து, “உங்களுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்திருக்கும். வந்து வாங்கிக்கோங்க” என்றாள். மேலே ஏறிப் போனாள். இந்தத் தடவை மூன்றாம் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டுப் போனாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. முற்றத்துக் கதவு திறந்தது கேட்டது. காரின் கதவு சாத்தியது கேட்டது. கார் கிளம்புகிற சத்தம் மட்டும் வரவில்லை.

எவாசியோ அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு, “பீப்பாயைக் கழுவணும். காஞ்சா மரத்துல பிடிச்சுக்கும்” என்றான்.

பீப்பாயின் முகத்தில், அடியில், ஒரு சின்ன வாசல் உண்டு. அதைக் கழற்றி எடுத்தால் ஒல்லியான ஒரு ஆள் பக்கவாட்டில் புகுந்து உள்ளே போகலாம். அது எப்போதும் ரென்ஸோ செய்த வேலை. மற்ற பீப்பாய்களைக் கழுவ இந்தத் தடவை துல்லியோவின் மருமகனைக் கூப்பிட்டிருந்தார்கள். எவாசியோவின் தோள் அந்த வாசலுக்குள் நுழையாது.

“நான் போறேன்” என்றாள் நீவெஸ்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்க் காற்றாடியை எடுத்து வந்து வாசலில் வைத்து வெகுநேரம் ஓடவிட்டான். பிறகு உள்ளே காற்று நல்லதா என்று பார்க்க ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கையை நீட்டி உள்ளே பிடித்தான். சுடர் அசையாமல் எரிந்தது. அதற்குப் பிறகும் அவன் கையை எடுக்கவில்லை; உருகிய மெழுகு விரலில் வழிந்து உறைந்தது. போதும் என்று அவள்தான் வாங்கி அணைத்தாள். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே நிற்பவர் பேச்சை நிறுத்தக்கூடாது, உள்ளே இருப்பவர் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பது அந்த மலையில் எல்லா நிலவறைக்கும் பொதுவான சட்டம். அவர்கள் இருவருக்கும் அது ஞாபகம் வந்தது. அவன் தரையைப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையையும் தலையையும் முதலில் விட்டு, உடம்பை ஒருக்களித்து உள்ளே போனாள். அவன் விளக்கையும் பிரஷ்ஷையும் பின்னால் கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தானே வாசலில் பிடித்துக்கொண்டான்.

உள்ளே மரமும் ஒயினும் கலந்த கனத்த வாடை. சுவரெல்லாம் ஊதா நிறத்தில் பொடிக்கல்லாய் ஒயினின் உப்புப் படிந்து, விளக்கு பட்ட இடமெல்லாம் மின்னியது. காலடியில் வண்டல் குளிர்ந்திருந்தது. அவள் தேய்க்கத் தொடங்கினாள்.

“எவ்வளவு இருக்கு?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“கணுக்கால் அளவு.”

“நிறம்?”

“கறுப்பு.”

“தெற்குச் சரிவுல இன்னும் நாலு வரிசை கட்டணும்.”

“சரி.”

“நார் தீர்ந்துபோச்சு.”

“ம்.”

“துல்லியோ நாய் குட்டி போட்டிருக்கு.”

“எத்தனை?”

“நான் கேக்கல.”

அவள் தேய்த்தாள். தண்ணீர் வண்டலைக் கரைத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே ஓடியது. அவனுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது அவளுக்குத் தெரிந்தது. பூட்ஸை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. எதையாவது சொல்லு என்று சொல்ல நினைத்தாள்.

“நான் இழுத்தேன் நீவெஸ்” என்றான். “முதல்ல.”

“தெரியும்.”

“ஒரு தடவைதான்.”

“தெரியும்.”

அவள் பிரஷ்ஷை நிறுத்தினாள். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை, கை நின்றுவிட்டது. மின்னுகிற சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மரம் குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடினாள். ஐந்து மாதமாகத் தேங்கிக் கிடந்த அழுகை, சத்தமே இல்லாமல் வந்தது. பதில் சொல்லக் குரல் வரவில்லை.

“நீவெஸ்.”

அவள் வாயைத் திறந்தாள்.

“நீவெஸ்.”

தண்ணீர்க் குழாய் தரையில் விழுந்து அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்த வெளிச்சம் திடீரென்று குறைந்தது. அவள் திரும்பினாள். அந்தச் சின்ன வாசலை அடைத்துக்கொண்டு எவாசியோவின் தலை உள்ளே வந்திருந்தது. நரைத்த முடியில் வண்டல் தண்ணீர் சொட்டியது. அவன் அவளைப் பார்த்தான், நேராக முகத்தை. தோள்கள் இரண்டும் மரத்தில் முட்டி நின்றுவிட்டன. சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இன்னும் உள்ளே வர முட்டிக்கொண்டிருந்தான்.